ஐஸ்லாந்து கல்விப் பயணம்: தீவைச் சுற்றிவர ஆசைப்படாதீர்கள்

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர் ஒருவர் போன வாரம் ஒரு பயணத் திட்டத்தை அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டிருந்தார். இருபது மாணவர்கள், எட்டு நாள், ஐஸ்லாந்தை முழுதாக ஒரு சுற்று. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் முதன்முதலில் போட்ட திட்டமும் கிட்டத்தட்ட அதேதான்.

இங்கிலாந்தில் புவியியல் நடத்துகிறேன். ஏழு தடவை மாணவர்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். காப்பீடு எடுப்பது, பாஸ்போர்ட் தேதி பார்ப்பது எல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தீவை ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று நினைப்பது

ஒன்றாம் எண் சாலை தீவைச் சுற்றி ஏறக்குறைய 1,300 கி.மீ. ஓடுகிறது. வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் ஆறு நாள், நாளுக்கு 220 கி.மீ. தாளில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் இருபது பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி, மழைக் கால்சட்டை மாட்டி, கழிவறை போய், திரும்ப ஏறுவதற்கே ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம் போய்விடும். நேரம் தவறினால் டிரைவரை இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது. ஐரோப்பிய விதிப்படி பஸ் டிரைவர் பொதுவாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். காற்றைத்தான் சமாளிக்க முடியாது.

அது ஒரு மார்ச் மாதம், பயணத்தின் மூன்றாம் நாள். தென்கோடியில் இருக்கும் விக் என்ற சின்ன ஊரில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். டிரைவர் அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாலை வரைபடத்தில் விக்குக்குக் கிழக்கே ஒரே சிவப்புக் கோடு, அதாவது சாலை மூடல். பஸ் கதவை ஒரு கையால் திறக்கப்போன மாணவனைத் தடுத்து, "ரெண்டு கையாலயும் பிடி" என்று சைகை செய்தார். அந்தக் காற்றில் கார் கதவுகள் கீலோடு பிய்ந்துபோவது உண்டு. கிழக்கே இருப்பது ஸ்கெய்தராரசாண்டுர், பனியாற்று வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மணல்வெளி. அங்கே புயல் அடித்தால் பறக்கும் மணல் வண்டியின் பெயின்ட்டைச் சுரண்டிவிடும், கண்ணாடியை உடைத்துவிடும். அங்கே ஆறுகளுக்குப் பாலம் கட்டி முடித்த 1974-ல்தான் தீவைச் சுற்றி முழுச் சாலையே வந்தது. பனியாற்றுக்கு அடியில் நடந்த எரிமலை வெடிப்பால் 1996 நவம்பரில் வந்த வெள்ளம் அங்கே ஒரு பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. முறுக்கிக்கொண்ட அந்த இரும்பு உத்திரங்கள் இன்றும் சாலையோரம் கிடக்கின்றன. நாங்கள் பார்க்கக் கிளம்பியதே அதைத்தான்.

அன்று இரவுக்கான அறைகள் 270 கி.மீ. தள்ளி ஹோப்ன் ஊரில். பணம் கட்டியாயிற்று, திரும்பக் கிடைக்காது. விக்கில் எங்கள் கூட்டத்துக்கு ஒரே இடத்தில் படுக்கை இல்லை. மூன்று விடுதிகளில் பிரித்துப் போட்டேன். மறுநாள் மாலை வரை சாலை திறக்கவில்லை. பனியாற்று நடைக்குக் கட்டிய பணம் போயிற்று, அடுத்த ஊர் அறையும் போயிற்று. சுற்று என்றால் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும். வந்த வழியே திரும்பினோம்.

பணத்தைக்கூட மறந்துவிட்டேன். திரும்பி வந்து மாணவர்களின் களக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது ஒரு நல்ல மாணவியின் நோட்டில் பக்கம் பக்கமாக ஊர்ப்பெயர்கள் மட்டும் இருந்தன. ஒரு அளவு இல்லை, ஒரு படம் இல்லை. அவள் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல். அந்த நோட்டை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. இப்போது யாராவது "ஃபுல் சர்க்கிள்" என்று திட்டம் போட்டு வந்தால் அந்தக் கோபம் அவர்கள் மேல் பாய்கிறது.

சரி, என்ன செய்யலாம்? தென்மேற்கில் ஒரே இடத்தில் தங்குங்கள். இரண்டு கண்டத் தட்டுகள் விலகும் திங்வெட்லிர், பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் ஹெட்லிஸ்ஹெய்தி, சோல்ஹெய்மாயோக்குட்ல் பனியாறு, எல்லாம் ரெய்க்யாவிக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள். ஒரு நாள் சாலை மூடினால் நாட்களை மாற்றிப்போட்டால் போதும். எதுவும் எழுதாத ஒரு நாளையும் திட்டத்தில் விட்டுவையுங்கள். அந்தப் பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதை க்வோல்ஸ்வோட்லுர் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 2010-லிருந்து ஆண்டுதோறும் அளந்து, அங்கே ஒரு பலகையில் எழுதிவைக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் என் மாணவர்களை நிறுத்தி, பனி விளிம்பு இப்போது எங்கே இருக்கிறது என்று வரையச் சொல்வேன். அரை நாள் ஆகும். நோட்டுகள் நிரம்பித் திரும்பும்.

கடலுக்கு முதுகு காட்டிப் பாடம் நடத்துவது

விக் பக்கத்தில் இருக்கும் ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையின் கறுப்பு எரிமலைப் பாறைத் தூண்களைப் பார்த்தால் எந்த நிலவியல் ஆசிரியருக்கும் வாய் சும்மா இருக்காது. நீங்கள் மாணவர்களைப் பார்த்து நின்றால் உங்கள் முதுகு கடல் பக்கம், திரும்பி நின்றால் அவர்கள் முதுகு. அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஓர் அலையை மேலே வரை அனுப்பும். அங்கே பலர் செத்திருக்கிறார்கள். 2022-ல் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். பாடத்தை வண்டி நிறுத்துமிடத்திலேயே நடத்தி முடித்துவிட்டு, விளக்கைப் பார்த்து இறங்குங்கள்.

விசாவைப் பற்றி வகுப்பில் பொதுவாகக் கேட்பது

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளின் கூட்டத்தில் இருக்கிறது. இங்கே படிக்கும் நம்ம ஊர் மாணவர்களிடம் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்டால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண் கூச்சப்பட்டுச் சொல்லாமலே இருந்து, கடைசியில் வர முடியாமல் போயிற்று. தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிய வேண்டியது, 45 நாள் வரை இழுக்கலாம்.

எரிமலை இருக்கிற இடத்தை மட்டுமே நம்புவது

2023 நவம்பர் 10-ம் தேதி இரவில், எரிமலை வெடிக்கலாம் என்ற பயத்தில் தென்மேற்கில் இருக்கும் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். மாற்று இடம் ஒன்று எழுதிவையுங்கள்.

மே மாதத்தில் தீவின் நடுவே போகும் மலைச்சாலை

எண்ணுக்கு முன்னால் எஃப் எழுத்து போட்ட இந்த மலைச்சாலைகள் ஜூன் கடைசி வரை பெரும்பாலும் திறக்காது.

பாசி

மிதிக்க விடாதீர்கள். திரும்ப முளைக்கப் பல பத்தாண்டு ஆகும்.

ஜீன்ஸ்

வேண்டாம். நனைந்தால் அன்றைக்குக் காயாது.