லண்டன் சிட்டியின் மறைவான தோட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஹைட் பூங்காவையும் கியூ தாவரவியல் தோட்டத்தையும் பார்த்துவிட்டு நிறைவடைகின்றனர். ஆனால் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த, இன்று வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்திருக்கும் ‘சிட்டி’ எனப்படும் பழைய லண்டனில், சந்துகளின் முடிவிலும் உயர்ந்த கட்டடங்களின் இடுக்குகளிலும் சிறு தோட்டங்கள் பல உள்ளன. அவற்றைத் தேடிப் போகிறவர்களுள் சிலர் ஏமாற்றத்துடன் திரும்புவதைக் காண வருத்தமாக உள்ளது. ஏனெனில் அந்த ஏமாற்றம் எளிதில் தவிர்க்கக்கூடியது.

முதல் தவறு, இவற்றைச் சாதாரணப் பூங்காக்களாக எண்ணிச் செல்வது. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் தேவாலயங்களை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களாக இருந்தவை. இடநெருக்கடியும் நோய் அச்சமும் மிகுந்ததால் 1850களில் நகருக்குள் உடல்களை அடக்கம் செய்வது சட்டத்தால் நிறுத்தப்பட்டது. பின்னர், கைவிடப்பட்ட கல்லறை நிலங்களில் கட்டடம் எழுப்புவதை 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. உலகின் மிக விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றான இப்பகுதியில் ஒரு மரத்துக்கும் நான்கு இருக்கைகளுக்கும் இன்றுவரை இடம் இருப்பதற்கு அச்சட்டம் ஒரு முக்கியக் காரணம். இதை அறியாமல் செல்பவருக்கு, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டுள்ள பழைய கற்கள் வெறும் கற்களாகவே தெரியும். அவை இடம் பெயர்க்கப்பட்ட கல்லறைக் கற்கள். அவற்றின் மீது அமர்வதும் பைகளை வைப்பதும் தகாது.

வரலாற்றை அறிந்து செல்வதன் பயனை போஸ்ட்மேன்ஸ் பூங்காவில் நன்கு உணரலாம். அருகிலிருந்த தலைமை அஞ்சலகத்தின் ஊழியர்கள் இங்கே நண்பகலில் வந்து அமர்ந்ததால் இப்பெயர் வழங்கலாயிற்று. 1880இல் திறக்கப்பட்ட இந்தத் தோட்டத்தில், ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸின் முயற்சியால் 1900ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சுவர் எழுந்தது. பிறரைக் காப்பாற்றும்போது தம் உயிரை இழந்த எளிய மனிதர்களின் பெயர்களும், அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்ற குறிப்பும் அதன் பீங்கான் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. 1885இல் தீப்பற்றிய வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளை மீட்டு உயிர்நீத்த ஆலிஸ் அயர்ஸ் அவர்களுள் ஒருவர். பூச்செடிகளைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறுவோர் இச்சுவரைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. என் கருத்தில், சிட்டியில் ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் நேரம் உண்டெனில் அது இதுவாகவே இருக்க வேண்டும்.

புகழ்பெற்ற ஒரே இடத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது அடுத்த தவறு. கிழக்குப் பகுதியிலுள்ள செயின்ட் டன்ஸ்டன் தேவாலயம் இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. கிறிஸ்டோஃபர் ரென் வடிவமைத்த கோபுரம் மட்டும் தப்பியது. கூரையற்ற சுவர்களிலும் சாளரங்களிலும் கொடிகள் படர்ந்துள்ள அந்த இடிபாட்டின் அழகை யாரும் மறுக்க இயலாது. அந்த அழகே கூட்டத்தை ஈர்ப்பதால், நண்பகலில் அங்கே அமைதியை எதிர்பார்க்க முடியாது. காலையில் செல்வதே நல்லது. அதே போரில், 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவில் எரிந்த இரு தேவாலயங்களின் இடங்களும் தோட்டங்களாக உள்ளன. கிறைஸ்ட்சர்ச் கிரேஃபிரையர்ஸில் 1989இல் ரோஜாத் தோட்டம் அமைத்தபோது, மக்கள் அமர்ந்த இருக்கை வரிசைகள் இருந்த இடங்களைப் பாத்திகளாக வகுத்தனர். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரியின் கற்களோ 1960களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே அத்தேவாலயம் மீண்டும் எழுப்பப்பட்டது. லண்டனில் எஞ்சிய தோட்டத்தில், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623இல் வெளிவரச் செய்த ஹெமிங்ஸ், கான்டெல் இருவருக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது.

நேரத்தைப் பொருட்படுத்தாமல் செல்வோர் பூட்டிய கதவையே காண நேரும். வழக்கறிஞர்களுக்குச் சொந்தமான இன்னர் டெம்பிள் தோட்டம் வழக்கமாக வார நாள்களில் நண்பகல் 12.30 முதல் 3 மணி வரையே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். சனி, ஞாயிறுகளில் அனுமதி இல்லை. நிகழ்ச்சிகளை முன்னிட்டு அது மூடப்படுவதும் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். கதவுள்ள மற்றத் தோட்டங்கள் பல இருட்டும் வேளையில் பூட்டப்படுகின்றன. டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும் ஊரில், கோடைக்கால நினைப்போடு திட்டமிடலாகாது.

தொலைவைக் கருதாமல் பட்டியலை நீட்டுவதும் பயணத்தைக் கெடுக்கும். மருந்து மூலிகைகளுக்காக 1673இல் தொடங்கப்பட்ட செல்சி ஃபிசிக் தோட்டம் சிறப்பானதுதான். எனினும் அது சிட்டிக்கு வெளியே மேற்கில் பல கிலோமீட்டர் தள்ளி, கட்டணத்துடன் இயங்குவதால், அதற்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டும். சிட்டிக்குள், காலையில் செயின்ட் டன்ஸ்டன், நண்பகலில் இன்னர் டெம்பிள், பிற்பகலில் ஒன்றுக்கொன்று அருகிலுள்ள கிரேஃபிரையர்ஸ், போஸ்ட்மேன்ஸ் பூங்கா, ஆல்டர்மன்பரி என்ற வரிசை நடைக்கு ஏற்றது. ஆண்டு முழுதும் மூடியிருக்கும் தனியார் தோட்டங்களைக் காண விரும்புவோர், அவற்றுள் பலவற்றைத் திறந்துவிடும் ஜூன் மாத வார இறுதியை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொண்டு, அனுமதிச் சீட்டை முன்னரே வாங்கிவிடுவது நல்லது.