நிகழ்நேர இயங்குதளம் வாங்குமுன் நிறுவனங்களின் போட்டியை எடைபோடுவது எப்படி?

உட்பொதி கருவிக்கு (ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கணினியை உள்ளடக்கிய கருவிக்கு) நிகழ்நேர இயங்குதளம், அதாவது பணிகளைக் குறித்த கால வரம்புக்குள் முடிக்க உதவும் இயங்குதளம் தேடும் குழுக்கள், இன்டரப்ட் தாமதத்தையும் (வன்பொருள் சைகைக்கு மென்பொருள் எதிர்வினையாற்ற எடுக்கும் நேரத்தையும்) நினைவகத் தேவையையும் அட்டவணையிட்டு ஒப்பிடுவதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுகின்றன. அந்த ஒப்பீடு தேவைதான். ஆனால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் களத்தில் இயங்க வேண்டிய கருவிக்கு, அந்த மென்பொருள் யார் கையில் இருக்கிறது, அதைப் பராமரிப்பதில் அவர்களுக்கு என்ன ஆதாயம் என்பதே முதற்கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, பட்டியலிலுள்ள ஒவ்வொரு இயங்குதளத்தின் உடைமை வரலாற்றையும் முதலில் எழுதி வையுங்கள். விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கிய விண்ட் ரிவர் 2009இல் இன்டெலிடமும், 2018இல் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்திடமும், 2022இல் வாகன உதிரிபாக நிறுவனமான ஆப்டிவிடமும் சென்றது. கியூஎன்எக்ஸை 2004இல் ஹார்மன் வாங்கியது. 2010இல் கியூஎன்எக்ஸ் இன்றைய பிளாக்பெரியின் வசமானது. த்ரெட்எக்ஸை 2019இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2023இல் அதைத் திறந்த மூல மென்பொருள்களைப் பேணும் எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. இவற்றைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது பிசாஸின் கதை: விஎக்ஸ்வொர்க்ஸின் நேரடிப் போட்டியாக விளங்கிய அதனை, அதன் உரிமையாளரான இன்டக்ரேட்டட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்த்து 2000இல் விண்ட் ரிவரே வாங்கிக்கொண்டு, பின்னர் அதன் வளர்ச்சியை நிறுத்தியதால், அதை நம்பிக் கருவிகள் செய்தவர்கள் மாற்று வழி தேட நேர்ந்தது.

அடுத்து, ஒவ்வொருவரின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உரிமக் கட்டணமும் விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் ராயல்டி என்ற பங்குத்தொகையும் வாங்குபவர், இயங்குதளத்தையே விற்கிறார். ரிச்சர்ட் பாரி 2003இல் வெளியிட்ட இலவச இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை 2017 முதல் பேணிவரும் அமேசானுக்கு, கருவிகள் அதன் கிளவுட் சேவையோடு இணைவதில் ஆதாயம் உண்டு. 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய திறந்த மூல இயங்குதளமான செஃபிரில் பங்களிக்கும் சிப் நிறுவனங்களோ தங்கள் சிப்புகள் விற்க வேண்டும் என்று விரும்புகின்றன. இவற்றில் எதுவும் குற்றமன்று; அந்த ஆதாயம் உங்கள் கருவியின் ஆயுள் வரை நீடிக்குமா என்பதை மட்டும் கேளுங்கள்.

இலவச மென்பொருள் பெருகிய பின்னும் வணிக நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கும் களம் பாதுகாப்புச் சான்றிதழ். விமானத்துக்கு டிஓ-178சி, வாகனத்துக்கு ஐஎஸ்ஓ 26262, தொழிற்துறைக்கு ஐஇசி 61508 என்று தரநிலைகள் கேட்கும் ஆவணங்களைத் தாமே உருவாக்குவது பெருஞ்செலவு என்பதால்தான் கிரீன் ஹில்ஸின் இன்டக்ரிட்டி போன்றவற்றுக்குப் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் எந்தப் பதிப்புக்கு, எந்தக் கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு), எந்தப் பிராசஸருக்கு உரியது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு மட்டும் சான்று பெற்றுவிட்டு, முழுத் தொகுப்புக்கும் அது பொருந்துவதுபோல் விளம்பரம் அமையக்கூடும்.

வலைத் தொடர்பைக் கையாளும் மென்பொருளான நெட்வொர்க் அடுக்கைத் தனியாக ஆராய்வதும் அவசியம். 2019இல் அர்ஜென்ட்/11 என்ற பெயரில் வெளியான 11 பாதுகாப்புக் குறைகள், விஎக்ஸ்வொர்க்ஸின் கெர்னலில் இல்லாமல், அது பயன்படுத்திய ஐபிநெட் அடுக்கில் இருந்தன. அந்த அடுக்கு முன்பு பிற நிறுவனங்களுக்கும் உரிமமாக வழங்கப்பட்டிருந்ததால், போட்டியாளர்களின் இயங்குதளங்களிலும் அதன் தாக்கம் தென்பட்டது.

இறுதியாக, மாறிச்செல்லும் வழியைத் தொடக்கத்திலேயே அமையுங்கள். போசிக்ஸ் என்ற பொதுத் தர இடைமுகத்தின் அல்லது சொந்த இடைமுக அடுக்கின் மீது நிரலை எழுதினால் மாற்றம் எளிதாகும் என்றாலும், எல்லா வேறுபாட்டையும் அது மறைத்துவிடாது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பணிக்குத் தரும் எண் கூடக்கூட முன்னுரிமை கூடும். விஎக்ஸ்வொர்க்ஸிலும் த்ரெட்எக்ஸிலும் பூஜ்ஜியமே உச்ச முன்னுரிமை. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில், பகிர்ந்த வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பயன்படுத்தச் செய்யும் பூட்டான மியூடெக்ஸுக்கு முன்னுரிமை மரபேற்பு (பூட்டை வைத்திருக்கும் பணி, அதற்காகக் காத்திருக்கும் உயர் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது) உண்டு; பணிகளுக்கிடையே சைகை அனுப்பப் பயன்படும் பைனரி செமஃபோருக்குக் கிடையாது. எனவே, நேரக்கெடு மிகவும் நெருக்கமான ஒரு பணியை மட்டுமாவது இரண்டாவது இயங்குதளத்திலும் ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு மிக மோசமான தாமதத்தை அளந்து பாருங்கள். அதன் பிறகு ஒப்பந்தத்தில், நிறுவனம் கைமாறினாலோ தயாரிப்பு நிறுத்தப்பட்டாலோ மூல நிரல் உங்களுக்குக் கிடைக்கவும், பாதுகாப்புத் திருத்தங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தொடரவும் வகைசெய்யும் விதிகளைச் சேர்க்கக் கோருங்கள். அவற்றைக் கையெழுத்துக்கு முன்பு பெறுவது எளிது, பின்பு பெறுவது கடினம்.