புது வீட்டு மண்ணை நம்பிச் செடி வைக்காதீர்கள்

பால் காய்ச்சிய மறுநாளே நர்சரிக்குப் போய் ரோஜா, மல்லி, எலுமிச்சை, ஒட்டுமாங்கன்று என்று ஆட்டோ நிறைய ஏற்றி வருகிறவர்கள் உண்டு. சில மாதங்களில் பாதி பட்டுப்போகும். பழி நர்சரிக்காரர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு மண்ணில்தான்.

புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிக் கிடப்பது தோட்டத்து மண் அல்ல. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண், அதோடு உடைந்த செங்கல், இறுகிய சிமெண்டுக் கலவை, டைல்ஸ் துண்டுகள். எல்லாவற்றையும் மூடி மறைக்க ஒரு லோடு சவுடு. கடப்பாரையால் ஓரடி தோண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி என்று அர்த்தம். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூச் செடியின் கொழுந்திலைகள் வெளுத்து மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு யூரியாவை அள்ளிப் போடுவார்கள், பாவம். யூரியா தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலைகள், கொழுந்து அல்ல.

கன்று வைக்கும் இடத்தில் இரண்டடிக்குக் குழி எடுத்து, இடிபாடுகளை அப்புறப்படுத்தி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். மீதி இடத்தில் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது அப்படியே மண்ணோடு கொத்திவிடலாம். கைச்செலவு சொற்பம்.

சுவரை ஒட்டிக் கீரைப்பாத்தி போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கட்டும்போது அஸ்திவாரத்தைச் சுற்றிக் கரையான் மருந்து ஊற்றியிருப்பார்கள். என்ன மருந்து, எங்கே ஊற்றினார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஏமாற்றும். சென்னையில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் குடிபோகிறவர், வீட்டின் வடபுறம் நல்ல வெயில் விழுகிறதே என்று ரோஜாவை அங்கே வைப்பார். மார்கழியில் அதே இடம் முழு நிழல், மொட்டுக்கூட வராது.

தென்னையைச் சுவரோரத்தில் வைக்காதீர்கள். தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி விடுகிறார்கள். முருங்கை காற்றுக்குக் கிளை முறியும், கூரைக்கும் மின்கம்பிக்கும் தள்ளியே இருக்கட்டும்.

பழைய வீட்டிலிருந்து வந்த தொட்டிச் செடிகளை உடனே தரைக்கு மாற்ற வேண்டாம். ஓரிரு வாரம் அரைநிழலில் வைத்து, புது இடத்துத் தண்ணீருக்குப் பழகவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகிக் காட்டிக்கொடுக்கும்.

பப்பாளிக்கும் எலுமிச்சைக்கும் இடம் முடிவு செய்யுமுன் ஓர் ஐப்பசி மழையைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். பப்பாளி இரண்டு நாள் தேக்கத்தைக்கூடத் தாங்காது. அதுவரை கை சும்மா இருக்காது என்பவர்கள் தொட்டியில் முளைக்கீரை விதைக்கலாம். 25 நாளில் பறித்துவிடலாம்.