சாங்கி–கட்டுநாயக்க: தூரத்தையும் நேரத்தையும் கையாலேயே கணக்கிடுவது எப்படி?

இறங்கும் நேரம்தான் டிக்கெட்டிலேயே இருக்கிறதே, கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். விமானம் தாமதமாகும் இரவில் அந்த அச்சு உதவாது. அப்படி ஓர் இரவில், சிங்கப்பூரிலிருந்து இலங்கைக்குப் பறந்தபோது, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனோடு வரவிருந்த அத்தை மகனுக்கு நேரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. கட்டுநாயக்கவிலுள்ள பண்டாரநாயக்க விமான நிலையம்: வடக்கு 7.18, கிழக்கு 79.88. சில வரைபடங்களில் 79 பாகை 53 கலை என்று இருக்கும். அதை 79.53 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 53ஐ 60ஆல் வகுக்க வேண்டும்.

அடுத்து வித்தியாசம்: 5.82, 24.11. பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே போதும். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 24.8 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் 2,753 கி.மீ. பூமியின் வளைவையும் சேர்த்துப் போடும் முறையான பெருவட்டக் கணக்கிலும் ஏறக்குறைய 2,750தான். இரு தீவுகளும் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கிடைத்த சலுகை இது. லண்டனுக்கு இதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம். விளம்பரம் மண்டிய மற்ற தளங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. விடை மைலா, கடல் மைலா என்று மட்டும் பாருங்கள். கடல் மைல் 1.852 கி.மீ. நேர்கோடு சுமத்ராவின் தோபா ஏரிக்கு மேலே போகும். விமானம் வான்தடங்களைப் பிடித்துச் சற்று வளைந்துதான் போகும் என்பதால் ஏரியைப் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் கேட்டு வாங்காதீர்கள்.

பறக்கும் நேரம்: 2,750ஐ மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 14 நிமிடம். ஏற, இறங்க, ஓடுபாதைவரை ஊர்ந்து போக அரை மணி. ஆக மூன்றே முக்கால் மணி நேரம்.

இனிதான் நான் சறுக்கிய இடம். விமானம் இரவு 11.40க்குக் கிளம்பும் என்றார்கள். மூன்றே முக்காலைக் கூட்டினால் சிங்கப்பூரில் அதிகாலை 3.25. இலங்கை நேரத்துக்கு மாற்ற இதில் எவ்வளவு கழிப்பது? பெரியப்பாவைக் கேட்டேன். "ரெண்டு மணி நேரம். நான் எத்தனை தடவை போயிருக்கேன்!" என்றார். 1.25க்கு இறங்குவேன் என்று செய்தி அனுப்பிவிட்டேன். இறங்கியதோ 12.55. கைப்பை மட்டும் இருந்ததால் சட்டென்று வெளியே வந்து, வேன் வரும்வரை கொசுக்கடியில் நின்றேன்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. இலங்கை 1996இல் கடிகாரத்தை இரண்டு முறை மாற்றியது. அந்த அக்டோபர் முதல் கிரீனிச்சுக்கு 6 மணி நேரம் முந்தியிருந்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அவர் போய்வந்ததெல்லாம் அந்த இடைவெளியில். இப்போது கழிக்க வேண்டியது இரண்டரை மணி, சென்னைக்குப் போலவே. திரும்பும்போது அதையே கூட்டுங்கள்.

பின்சேர்க்கை: பினாங்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். 600 கி.மீ.க்கு 1 மணி 12 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட்டிலோ ஏறத்தாழ ஒன்றரை மணி. குறுகிய தூரத்தில் விமானம் முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். ஆயிரம் கி.மீ.க்குக் குறைந்தால் அரை மணிக்குப் பதில் முக்கால் மணி சேருங்கள். பினாங்குக்கும் நமக்கும் ஒரே கடிகாரம். பெரியப்பாவைக் கேட்கத் தேவையில்லை.