நம்பர் காட்டி 'இதனாலதான்'னு சொன்னா எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

ஃபேமிலி க்ரூப்ல தினம் ஒண்ணு வருது, இத சாப்ட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக் இத்தன சதவீதம் கம்மியாம்னு. அந்த நம்பர் பொய்யா இருக்கணும்னு அவசியமே இல்லங்க, நம்பர் சரியா இருந்தும் அதோட ஒட்டிக்கிட்டு வர்ற 'இதனாலதான்' தப்பா இருக்கலாம். கணக்கெல்லாம் தெரிய வேணாம், பேப்பர் பேனா போதும்.

ஸ்டெப் 1: வந்த மெசேஜ ரெண்டா பிரிச்சு எழுதுங்க. எண்ணிப் பாத்தது எது, அதுலேர்ந்து இழுத்த முடிவு எது. "சர்க்கரை போடாத டீ குடிக்கறவங்கள்ல சுகர் பேஷண்ட் ஜாஸ்தி", இது எண்ணினது. "அதனால சர்க்கரை போடாத டீ குடிச்சா சுகர் வரும்", இது இழுத்தது. சிரிப்பு வருதுல்ல?

ஸ்டெப் 2: திருப்பிப் போட்டுப் பாருங்க. சுகர் வந்தப்புறம்தான் டீல சர்க்கரைய நிறுத்தினாங்கன்னு நமக்குத் தெரியும், அதான் சிரிச்சோம். தெரியாத சப்ஜெக்ட்ல இதே மாதிரி தலைகீழா வந்தா சிரிக்க மாட்டோம், ஃபார்வர்ட் பண்ணிடுவோம்.

ஸ்டெப் 3: யார் போய் அத எடுத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. இதுதான் மெயின், டாக்டர்களே சறுக்கின எடம். மெனோபாஸுக்கு அப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கற பெண்களுக்கு இதய நோய் கம்மின்னு அமெரிக்காவுல பல ஆய்வு சொல்லிச்சு, ஒரு லட்சத்துக்கு மேல நர்ஸுங்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ண ஆய்வும் அதுல ஒண்ணு. ஆனா மாத்திரைய கேட்டு வாங்கினவங்க பெரும்பாலும் கொஞ்சம் வசதியானவங்க, படிச்சவங்க, ஒழுங்கா செக்கப் போறவங்க, அவங்களுக்கு மாத்திரை இல்லாமலே இதய நோய் கம்மியாத்தான் இருக்கும். அப்புறம் 16,608 பெண்கள எடுத்து, யாருக்கு நிஜ மாத்திரை யாருக்கு டம்மி மாத்திரைங்கறத குலுக்கல் மாதிரி முடிவு பண்ணி ஒரு சோதனை நடந்துச்சு. 2002ல அத பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடிச்சு, இதய நோயும் குறையறதுக்குப் பதிலா ஏறித்தான் இருந்துச்சு.

ஒண்ணு சொல்லிடறேன், வசதி மட்டுமே காரணம்னு முடிச்சிடாதீங்க. சோதனைல இருந்தவங்களுக்கு சராசரி வயசு 63, வெளியில எடுத்துக்கிட்டவங்க மெனோபாஸ் ஒட்டியே ஆரம்பிச்சவங்க, அந்த வித்தியாசமும் இதுல கலந்திருக்கு. அதனால இந்த போஸ்ட்ட பாத்து யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர கேளுங்க.

ஸ்டெப் 4: சதவீதம் சொன்னா 'எத்தன பேர்ல எத்தன பேருக்கு?'ன்னு கேளுங்க. மேல சொன்ன சோதனைலயே இதய நோய் 29 சதவீதம் கூடிச்சுன்னு சொல்லலாம், வருஷத்துக்கு 10,000 பேர்ல கூடுதலா 7 பேருக்கு வந்துச்சுன்னும் சொல்லலாம். ரெண்டும் ஒரே விஷயம், கேக்கறப்ப மட்டும் வேற வேற. பிரிட்டன்ல 1995ல புது வகை கர்ப்பத்தடை மாத்திரைனால ரத்தக்கட்டி ஆபத்து ரெண்டு மடங்குன்னு அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு, நிஜத்துல 7,000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது ரெண்டு பேருக்குன்னு ஆச்சு, அவ்ளோதான். ஆனா 'ரெண்டு மடங்கு'ன்னு கேட்டதும் பயந்து ஏகப்பட்ட பேர் மாத்திரைய நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் கருக்கலைப்பு எண்ணிக்கை எகிறிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா, கர்ப்பமா இருக்கறப்ப ரத்தக்கட்டி வர்ற ஆபத்து அந்த மாத்திரைய விட ஜாஸ்தி.