மசாலா மணக்கும் சூடான ஆப்பிள் சைடர்

செப்டம்பர் கடைசியில் தொடங்கி, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆப்பிள் தோட்டங்களுக்குப் போனால் இரண்டு பண்டங்களைத் தவறாமல் பார்க்கலாம். ஒன்று சர்க்கரையில் புரட்டிய சைடர் டோனட், இன்னொன்று ஆவி பறக்கும் சைடர். வடிகட்டித் தெளியவைக்காத, புளிக்கவைக்காத ஆப்பிள் சாறுதான் அங்கே சைடர். குழந்தைகளுக்கும் தரலாம். கடையில் 'ஹார்ட் சைடர்' என்று போட்டிருந்தால் மட்டும் அது மது.

தோட்டத்தில் ஆப்பிளை அரைத்து அழுத்திப் பிழிய இயந்திரம் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பதில் வேகவைத்து, மசித்து, வடிக்கிறோம். பிழிந்த சாற்றின் அடர்த்தி வராது. ஆனால் மசாலாவோடு சூடாகக் குடிக்க இதுவே போதும்.

தேவையானவை (எட்டுப் பத்து டம்ளர் வரும்):

ஆப்பிள் – ஒன்றரை கிலோ
தண்ணீர் – 2 லிட்டர்
பட்டை – விரல் நீளத்தில் 3
கிராம்பு – 6
ஆல்ஸ்பைஸ் – 4 (மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஜமைக்கா மணி, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்)
இஞ்சி – சின்னத் துண்டு
ஆரஞ்சு – பாதி
நாட்டுச் சர்க்கரை அல்லது மேப்பிள் சிரப் – ருசி பார்த்து

ஆப்பிளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரே ரகத்தைப் போட்டால் சப்பென்று இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு இனிப்பு ரகம் (காலா, ஃபூஜி), ஒரு பங்கு புளிப்பு (கிரானி ஸ்மித்) என்று கலந்துகொள்ளுங்கள். மெக்கின்டாஷ் கிடைத்தால் இன்னும் நல்லது, வாசனையும் உண்டு, சீக்கிரம் குழையும். ஹனிகிரிஸ்ப் விற்கிற விலைக்கு அதை வேகவைக்க எனக்கு மனசு வராது, அது அப்படியே கடித்துச் சாப்பிட வேண்டியது. அடிபட்டுக் கன்றிய இடத்தை வெட்டிவிட்டுப் போடலாம். பூஞ்சை பிடித்த பழம் மட்டும் வேண்டாம். அதில் உண்டாகக்கூடிய பட்டுலின் என்ற நச்சு கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது.

பழங்களை நன்றாகக் கழுவி, தோலோடு நான்காக வெட்டி, விதைகளை எடுத்துவிடுங்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆப்பிளின் புளிப்பு அலுமினியத்தோடு ஒத்துப்போகாது, அதனால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

அடுத்தது மசாலா. நம் கை தானாகவே ஏலக்காய், சோம்பு, அன்னாசிப்பூ என்று டப்பா டப்பாவாகத் திறக்கும். கொஞ்சம் அடக்குங்கள். ஆப்பிளின் வாசனை முதலில் வர வேண்டும், மசாலா அதன் பின்னால் வந்தால் போதும். இல்லையென்றால் இனிப்புப் போட்ட பிரியாணித் தண்ணீர்தான் கிடைக்கும். முக்கியமாகக் கிராம்பை எண்ணிப் போடுங்கள். அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள் நாக்கை மரத்துப்போக வைக்கும், இரண்டு கூடினாலும் வேறு ருசி தெரியாது. பொடி வகைகள் வேண்டாம், அடியில் மண்டியாகத் தங்கும்.

பட்டையிலும் ஒரு விஷயம். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த காசியா பட்டை. காரமானது, நீண்ட நேரம் வெந்தாலும் தாங்கும், இந்தப் பாத்திரத்துக்கு அதுவே சரி. மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைக் கறுவா வீட்டில் இருந்தால், கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள்.

எல்லா மசாலாவையும், தட்டிய இஞ்சியையும் மெல்லிய துணியில் முடிந்து உள்ளே போட்டு, அடுப்பைப் பற்றவையுங்கள். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி, ஒன்றரை மணி நேரம் மெல்லச் சுண்டவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும்.

ஆப்பிள் குழைந்ததும் பாத்திரத்திலேயே மத்தால் மசியுங்கள். அப்புறம் ஆரஞ்சை வட்டமாக நறுக்கிப் போட்டு, இன்னும் அரை மணி நேரம். ஆரஞ்சை முதலிலேயே போட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கிவிடும்.

துணி முடிச்சை எடுத்துவிட்டு, பெரிய வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து வடியுங்கள். கரண்டியால் லேசாக அழுத்தலாம். கொஞ்சம் கலங்கலாக இருப்பதுதான் இதன் லட்சணம். இப்போது குடித்துப் பார்த்து இனிப்புச் சேருங்கள். நல்ல பழமாக இருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டியே அதிகம். ருசி தட்டையாக இருந்தால் சர்க்கரையைக் கூட்டாமல் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

இவ்வளவு நேரம் நிற்க முடியாதவர்கள் கடைச் சைடரில் இதே மசாலாவைப் போட்டு, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தால் போதும். வாங்கும்போது பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். பாஸ்டரைஸ் செய்யாத சாறு என்றால் அதில் எச்சரிக்கை வாசகம் இருக்கும். அதைக் குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் குடிக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கூடாது.

மிச்சத்தை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். உறையவைப்பதானால் டப்பாவின் மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள், உறையும்போது விரியும். வடித்த சக்கையில் சர்க்கரை போட்டுச் சுருளக் கிளறி ரொட்டியில் தடவுகிறவர்கள் உண்டு. ருசியெல்லாம் சைடருக்குப் போய்விட்டதால் அது சுமாராகத்தான் இருக்கும். நான் உரத்தொட்டியில் போட்டுவிடுவேன்.