வேர்ட்பிரஸ் தளத்தின் உள்நுழைவுப் பக்கத்தைக் காப்பது எப்படி

புதிதாகத் தொடங்கிய ஒரு வேர்ட்பிரஸ் தளத்தைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லாவிட்டாலும், கடவுச்சொற்களைத் தாமாகவே முயன்று பார்க்கும் நிரல்களான பாட்கள் அதைத் தேடி வந்துவிடும். தளத்துக்கான இணைப்பை மறையாக்கம் செய்ய உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பெறும்போதே தளத்தின் பெயர் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது என்பது இதற்கு ஒரு காரணம். நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று இருந்துவிட முடியாது. பாட்களை ஏவுபவர்களுக்கு வேண்டியது உங்கள் கட்டுரைகள் அல்ல, குப்பை மின்னஞ்சல் அனுப்பவும் போலி இணைப்புகளைச் செருகவும் உதவும் உங்கள் சர்வர்தான்.

எந்தப் பிளகினையும் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) நிறுவுவதற்கு முன், யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரின் அணுகல் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் இது 'ரா ஆக்சஸ்' என்ற பெயரில் கிடைக்கும். அதில் உள்நுழைவுப் பக்கமான டபிள்யூபி-லாகின் (wp-login.php) கோப்புக்கு 'போஸ்ட்' (POST) முறையில், அதாவது படிவத்தை நிரப்பி அனுப்பியதாக வந்த கோரிக்கைகளைத் தேடினால், ஒவ்வொரு வரியின் பின்பகுதியிலும் சர்வரின் பதிலைக் குறிக்கும் மூன்று இலக்க எண் இருக்கும். பொதுவாக 200 என்றால் உள்நுழையும் முயற்சி தோற்றது, பிழைச் செய்தியுடன் அதே பக்கம் மீண்டும் காட்டப்பட்டது என்று பொருள். 302 என்றால் உள்ளே போய்விட்டார்கள் என்று கொள்ளலாம். நூற்றுக்கணக்கான 200களுக்கு நடுவே, நீங்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு 302 தென்பட்டால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக ஊகிப்பது பழைய கதை. இன்றைய பாட்கள் வேறு தளங்களிலிருந்து கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு வருகின்றன. 2009இல் ராக்யூ (RockYou) என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் கசிந்தன. ஆகவே கடவுச்சொல் எவ்வளவு சிக்கலானது என்பதைவிட, அதை வேறெங்கும் பயன்படுத்தவில்லை என்பதே முக்கியம். கடவுச்சொற்களை உருவாக்கிச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றைக் கொண்டு நீளமானதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற அறிவுரையை அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி (NIST) 2017ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே கைவிட்டுவிட்டது, நம் அலுவலகங்கள்தாம் இன்னும் விடவில்லை.

பயனர்பெயர் 'அட்மின்' என்றிருந்தால் பாதி வேலையை நீங்களே செய்து கொடுத்தது போலாகும். வேர்ட்பிரஸில் இருக்கும் பயனர்பெயரைத் திருத்த வழியில்லை என்பதால், புதிய நிர்வாகி கணக்கை உருவாக்கி, அதன் வழியாக நுழைந்து, பழைய கணக்கின் பதிவுகளைப் புதியதற்கு மாற்றிவிட்டு நீக்க வேண்டும். கட்டுரை வெளியிடுபவரின் பெயர் ஆசிரியர் பக்க முகவரியில் தெரிந்துவிடும் என்பதால், எழுதுவதற்கு அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இனி முயற்சிகளுக்கு வரம்பு கட்டலாம். எத்தனை முறை தவறாக முயன்றாலும் வேர்ட்பிரஸ் தானாகத் தடுப்பதில்லை. ஐந்து தவறுகளுக்குப் பின் இருபது நிமிடம் பூட்டும்படி ஒரு பிளகினை அமைத்தால், பெரும்பாலான சாதாரண பாட்கள் ஓய்ந்துவிடும். வருகிறவர்களுக்கும் சர்வருக்கும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவைக்குப் பின்னால் தளம் இருந்தால், வருகிறவர்களின் உண்மையான ஐபி முகவரி பிளகினுக்குத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையேல் அது கிளவுட்ஃப்ளேரின் முகவரியையே பூட்டி, உங்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடும்.

வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பவர்களே அதிகம். அந்தக் கொல்லைக் கதவு, எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (xmlrpc.php) கோப்பு. வெளிச் செயலிகள் தளத்துடன் பேசுவதற்காக ஏற்பட்ட இந்த வழி, 2012இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து இயல்பாகவே திறந்திருக்கிறது. இதன் வழியாகவும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சோதிக்க முடியும். இந்த வழியைச் சார்ந்திருக்கும் ஜெட்பேக் போன்ற பிளகின்களைப் பயன்படுத்தவில்லை என்றால், சர்வருக்கான விதிகளை எழுதும் எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில் ஒரு விதி சேர்த்து இதை முழுவதுமாக அடைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பைச் செய்யுங்கள் என்பேன். கடவுச்சொல் கசிந்தாலும், உங்கள் கைபேசிச் செயலியில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீடு இல்லாமல் உள்ளே வர முடியாது. குறியீடு சரியாக இருந்தும் ஏற்கப்படாவிட்டால், கைபேசியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சில பிளகின்கள் உள்நுழைவுப் பக்கத்தை மட்டுமே காக்கும், அதனாலும் அந்தக் கொல்லைக் கதவை அடைப்பது அவசியம். கைபேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா, பாட்களின் இரைச்சலைக் குறைக்கும். உள்நுழைவு முகவரியை மாற்றுவதும் அவ்வளவே, அதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் செய்த பின் நீங்களே வெளியே பூட்டப்பட்டுவிட்டால் பதற வேண்டாம். ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளரில் பிளகின்கள் கோப்புறைக்குள் சென்று, அந்தப் பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது செயலிழந்துவிடும். உள்ளே சென்ற பின் பழைய பெயரையே வைத்து, பிளகினை மீண்டும் இயக்கி, அமைப்பைச் சரிசெய்துகொள்ளலாம்.